பற்றரி செத்த கணினியில் என்றும் போயா

நெட்ஹேக் என்ற பாதாள விளையாட்டு தொடங்கியதும் முதலில் நிலாவைத் தேடுகிறது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்திடம் இன்றைய திகதியைக் கேட்டு, அந்தத் திகதியில் நிலா எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பூரணை என்று விடை வந்தால், இன்று உனக்கு அதிர்ஷ்டம் என்ற பொருளில் திரையின் மேல்வரியில் ஒரு செய்தி வரும். அமாவாசையென்றால் கவனமாக இருக்கச் சொல்லும். 13ஆம் திகதி வெள்ளிக்கிழமையில் வந்தால் கெட்டது நடக்கலாம் என்று எச்சரிக்கும். மற்ற நாட்களில் நிலாவைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

மடுல்சீமையில் இந்த விளையாட்டை ஒரு பழைய பென்டியம் கணினியில் போட்டால், அது தினமும் பூரணை என்று சொல்லக்கூடும். வெளியே கார்த்திகை மழை ஊற்றும். நிலா தேய்ந்து பாதியாகியிருக்கும். திரையில் மட்டும் பூரணை. விளையாட்டில் பிழையில்லை. பிழை ஒரு வட்டப் பற்றரியில் இருக்கிறது. அது எங்கள் ஊரில் ஏன் சீக்கிரம் சாகிறது என்பதும், செத்த பின் கணினி ஏன் நேராகப் பூரணைக்கே போகிறது என்பதும் ஒன்றோடொன்று கோத்துக்கிடக்கிற கதை.

முதலில் விளையாட்டு. 1980 வாக்கில் அமெரிக்காவில் மைக்கேல் டோய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ரோக் என்ற விளையாட்டை எழுதினார்கள்; கென் ஆர்னல்ட் பிறகு சேர்ந்துகொண்டார். படங்கள் கிடையாது. எழுத்தும் குறியுமே சுவர், கதவு, அரக்கன் எல்லாம். நீங்கள் @ என்ற குறி. பாதாளத்தில் ஒவ்வொரு தளமாக இறங்கி, அடியிலிருந்து ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கணினி புதிய பாதாளத்தைக் கட்டும்; செத்தால் செத்ததுதான், மறுபடி முதலிலிருந்து. இதைப் பார்த்து ஜே ஃபென்லசன் ஹேக் என்று ஒன்றை எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் பிரவுவர் அதைப் பெரிதாக்கி 1984இல் எல்லோருக்கும் கொடுத்தார். 1987இல் மைக் ஸ்டீவன்சனும் கூட்டாளிகளும் அதை நெட்ஹேக் ஆக்கினார்கள். இன்றுவரை இலவசம், மூலநிரலையும் யாரும் திறந்து படிக்கலாம். இந்தக் கட்டுரையில் வரும் விளையாட்டுக் கணக்குகள் எல்லாம் அந்த மூலநிரலில் இருப்பவைதான்.

பழைய கணினிக்குப் பொருத்தமானது 3.4.3 என்ற பதிப்பு. 2003 டிசம்பரில் வந்தது. அடுத்த பதிப்பு வர 12 ஆண்டுகள் ஆயின. 386 சில்லு உள்ள பொறியிலேயே ஓடும் என்பதால் பென்டியத்துக்கு அது ஒரு சுமையே இல்லை. நிறுவுவதற்கென்று பெரிய சடங்கும் இல்லை. கோப்புகளை சி டிரைவில் ஓர் உறையில் பிரதிபண்ணி, அங்கே போய் நெட்ஹேக் என்று தட்டினால் போதும். வின்டோஸ் 98 இருந்தால் நேரே திறக்கும். வெறும் டொஸ் என்றால் கூடவே ஒரு துணை நிரலும் அதே உறையில் இருக்க வேண்டும். டொஸ் பிறந்த காலத்தில் ஒரு மெகாபைட் நினைவகமே பெரிய விஷயம். அதற்கு மேலே இருப்பது டொஸின் கண்ணில் படாது. மேலே கிடக்கும் மெகாபைட்டுகளை விளையாட்டுக்குத் திறந்துவிடுவதுதான் அந்தத் துணை நிரலின் வேலை. அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு. அதில் உங்கள் பெயரையும், கூடவே வரும் நாய்க்கோ பூனைக்கோ ஒரு பெயரையும் எழுதி வைக்கலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் திருத்துவது அந்த நாயின் பெயரைத்தான்.

இனிப் பற்றரி. கணினியை அணைத்த பிறகும் அதற்குள் ஒரு சிறு கடிகாரம் ஓடுகிறது. அதன் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை ஏன் பிடித்தார்கள் என்றால், அதை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை; 15 படி இறங்கினால் ஒரு நொடி கையில் கிடைத்துவிடுகிறது. இந்த ஓட்டத்துக்கு மின்சாரம் தருவது தாய்ப்பலகையில் செருகியிருக்கும் 3 வோல்ட் வட்டப் பற்றரி. ஆனால் பென்டியம் காலத்தின் பிற்பகுதியில் வந்த கணினிகளில், பிளக் சுவரில் செருகியிருக்கும்வரை அந்தப் பற்றரிக்கு ஓய்வு. அணைத்திருந்தாலும் சுவரிலிருந்து கசியும் மின்சாரமே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மடுல்சீமையில் யாரும் பிளக்கைச் செருகியபடி விடுவதில்லை. பசறையைத் தாண்டி மலையேறும் ஊர் இது. கிழக்கே பிட்டமாருவையில் மலை சட்டென்று முடிந்து தாழ்நிலம் தொடங்கிவிடும், அதனால்தான் அந்த இடத்தைக் குட்டி உலகமுடிவு என்கிறார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடி உறுமும். ஒரு மின்னல் கம்பியில் இறங்கினால் லயத்தில் ஒரு வரிசைக்கே தொலைக்காட்சி போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கரண்டில் ஓடும் எதையும் வேலை முடிந்ததும் சுவரிலிருந்து கழற்றிவிடுவது இங்கே வளர்ப்பிலேயே வந்த பழக்கம். சரியான பழக்கமும் அதுதான். ஆனால் கழற்றிய பிளக்குக்கு ஒரு விலை உண்டு: நாளின் பெரும்பகுதி கடிகாரம் முழுக்க அந்த வட்டப் பற்றரியையே நம்பியிருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை பழைய பொறியொன்றை வாங்கி ஊருக்கு அனுப்பும்போதே பற்றரி பாதி தேய்ந்திருக்கும். மீதியை இடிக்காலம் குடித்துவிடுகிறது.

பற்றரி செத்ததும், கணினியை இயக்கும்போது கறுப்புத் திரையில் ஒரு குறை சொல்லி எஃப்-1 விசையை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பழையபடி வேலை செய்யும், கடிகாரம் மட்டும் நினைவு தப்பியிருக்கும். சில தாய்ப்பலகைகள் தாங்கள் செய்யப்பட்ட ஆண்டுக்குத் திரும்பும். பழைய பொறிகள் பலவும் திரும்புவது 1980 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணிக்கு.

அந்த நாளைத் தேர்ந்ததற்கு எந்த வரலாற்று நிகழ்வும் காரணமில்லை. ஐபிஎம்மின் முதல் பீசி வந்தது 1981இல். அதில் பற்றரிக் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திகதியை ஆள்தான் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் 1980 ஜனவரி 1. டொஸ் ஒரு கோப்பின் திகதியை 16 பிட்டுகளில் எழுதியது: நாளுக்கு 5, மாதத்துக்கு 4, மிச்சம் 7 ஆண்டுக்கு. ஏழு பிட்டில் 0 முதல் 127 வரைதான் எண்ண முடியும். ஆகவே 1980ஐ சுழியம் என்று வைத்தார்கள். கணக்கு 2107இல் முடிகிறது. இந்த வகைக் கணினிக்கு 1980க்கு முன்னால் காலம் என்று ஒன்று இல்லை. நினைவு தப்பினால் அது தன் பிறந்தநாளுக்குப் போகிறது.

அந்தப் பிறந்தநாள் பூரணையாக இருந்ததா? நெட்ஹேக்கின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பேனாவும் தாளும் போதும். ஆண்டை 19ஆல் வகுத்து மீதியை எடுத்து ஒன்று கூட்டுங்கள். 1980க்கு மீதி 4, கூட்டினால் 5. அதை 11ஆல் பெருக்கி 18 கூட்டி, 30ஆல் வகுத்து மீதியை எடுங்கள்: 73, மீதி 13. ஜனவரி 1 முதல் எத்தனை நாள் கழிந்தது என்பதை அதோடு கூட்டுங்கள், இங்கே சுழியம். வருவதை 6ஆல் பெருக்கி 11 கூட்டுங்கள்: 89. அதை 177ஆல் வகுத்து மீதி: 89தான். கடைசியாக 22ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 4. இந்தக் கணக்கில் சுழியம் அமாவாசை, 4 பூரணை.

வானமும் ஒத்துக்கொள்கிறது. 1980இல் உண்மையான பூரணை ஜனவரி 2ஆம் திகதி. பற்றரி செத்த கணினி மனிதர்கள் தற்செயலாகத் தேர்ந்த ஒரு நாளுக்குத் திரும்புகிறது, அந்த நாளில் நிலா ஏறத்தாழ முழு வட்டமாக இருந்தது. அதனால் பிளக்கைக் கழற்றி மறுபடி செருகும் ஒவ்வொரு முறையும் பாதாளத்துக்குள் போயா, அதாவது பூரணை நாள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் கணக்கின் அழகு தெரியும். நிலா ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்கு ஏறத்தாழ 29.53 நாள் எடுக்கிறது. பன்னிரண்டு சுற்று 354 நாள், ஆண்டோ 365. குறைவது 11 நாள், அதுதான் அந்த 11. பத்தொன்பது ஆண்டு போனால் 235 பூரணை கழிந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டு மணி நேரம். ஆகவே 19 ஆண்டுக்கு ஒருமுறை நிலா அதே திகதிகளுக்குத் திரும்புகிறது. ஏதென்ஸின் மெற்றன் கிறிஸ்துவுக்கு முன் 432இல் சொன்ன சுழற்சி இது. கடைசி 177 இன்னும் நயமானது. பின்னம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக 29.5ஐ ஆறால் பெருக்கி 177 ஆக்கியிருக்கிறார்கள். நாளையும் அதனால்தான் ஆறால் பெருக்குகிறோம். 177ஐ எட்டு நிலைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 22. ஆக இந்தப் பாதாளத்தில் பூரணை என்பது ஒரே இரவில் முடிவதில்லை, மூன்று நான்கு நாள் நீடிக்கும். 1980இல் ஜனவரி 1 முதல் 4 வரை.

நாம் நன்றாக அறிந்த ஒரு நாளில் சோதிக்கலாம். 2025 வெசாக் போயா மே 12. ஆண்டின் மீதி 11, கூட்டினால் 12. 132உம் 18உம் 150, மீதி சுழியம். கழிந்த நாள் 131. ஆறால் பெருக்கி 11 கூட்டினால் 797; 177ஆல் வகுத்தால் மீதி 89. கணினியின் பிறந்தநாளுக்கு வந்த அதே எண், அதே பூரணை. அதற்கடுத்த பொசன் போயா ஜூன் 10. அன்று மீதி 86 வருகிறது. பூரணைக்குக் குறைந்தது 88 வேண்டும். ஆகவே விளையாட்டுக்குப் பூரணை ஒரு நாள் தள்ளி, 11ஆம் திகதிதான் தொடங்குகிறது. நிலா சரியாக முழுமையடைந்த கணம் அந்த 11ஆம் திகதி நடுப்பகல் தாண்டி வந்தது. போயாவைத் தீர்மானிப்பது பூரணைத் திதி. அது முந்தின நாளே தொடங்கிவிட்டது.

திதி என்றதும் கோயில் ஐயரின் பஞ்சாங்கம் ஞாபகம் வருவது இயல்பு. ஞாபகம் வரவே வேண்டும், ஏனென்றால் நெட்ஹேக் செய்வதை வாக்கிய பஞ்சாங்கக் கணிதர்கள் பல நூறு ஆண்டுகளாக இதைவிட நுட்பமாகச் செய்துவந்திருக்கிறார்கள். ஒரு தொடக்க நாளிலிருந்து இன்றுவரை கழிந்த மொத்த நாட்களை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து 12372 நாட்களை எத்தனை முறை கழிக்கலாமோ கழிப்பார்கள், மீதியிலிருந்து 3031, அதன் மீதியிலிருந்து 248. கடைசியில் நிற்கும் எண் 248 வாக்கியங்களில் ஒன்றைக் காட்டும். அந்த வாக்கியத்தின் எழுத்துகளே எண்களாகி நிலா நிற்கும் இடத்தைச் சொல்லும். நிலா பூமிக்கு நெருங்கி வரும்போது வேகமாகவும், விலகும்போது மெதுவாகவும் நகர்கிறது. அந்த நெருக்கம் திரும்ப 27.55 நாள் ஆகும். அதன் ஒன்பது மடங்குதான் 248. நெட்ஹேக் நிலாவின் வேக மாற்றத்தைக் கண்டுகொள்வதேயில்லை, எப்போதும் ஒரே வேகம் என்று வைத்துக்கொள்கிறது. வாக்கியம் அதையும் கணக்கில் எடுக்கிறது.

இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ஜோன் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1825இல் சென்னையில் காலசங்கலித என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளை மட்டும் கொண்டு, அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். கிரகணத் தொடக்கம் நான்கே நிமிடம்தான் பிசகியது. நடுக்கட்டம் 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். ஒரு வரிகூட எழுதாமல் போட்ட கணக்கு அது. கணித வரலாற்றறிஞர் ஒட்டோ நொய்கெபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரையே எழுதுவதற்கு இதுவும் காரணம். பென்டியம் வகுத்து மீதி எடுக்கிறது, அந்தக் கணிதரும் சோழிகளால் வகுத்து மீதி எடுத்தார். இரண்டும் ஒரே செயல் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதப் பாடத்தில் யாராவது சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மீதி என்பது வகுத்தலில் ஒதுக்கித் தள்ளும் எச்சம் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். சுழன்று வரும் எதையும் பிடிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

இந்தத் தீவுக்கும் நிலாக் கணக்கு புதிதில்லை. இன்றைக்கு மாதத்துக்கு ஒரு போயா விடுமுறை. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமையையே விட்டுவிட்டு, நிலாவின் நான்கு கால்களையும் வார விடுமுறையாக நாடு முழுவதும் கடைப்பிடித்தது. நிலாவின் கால் ஏழு நாளுக்குச் சற்று அதிகம், 7.38 நாள். அதனால் சில வாரங்களுக்கு எட்டு நாள் வந்தது. கணினி 22ஆல் வகுத்துச் செய்வதை அந்த ஐந்தாண்டில் ஒரு முழு நாடும் வாழ்ந்து பார்த்திருக்கிறது.

சரி, பாதாளத்துக்குள் எப்போதும் பூரணையென்றால் என்ன நடக்கும்? முதலில் நல்லது. அதிர்ஷ்டம் என்ற மறைவான எண் ஒன்று கூடியே நிற்கும். வாள்வீச்சு குறி தவறாமல் படுவதற்கும் இன்னும் எத்தனையோ சிறு காரியங்களுக்கும் அந்த எண் உதவும். அது சுழியத்துக்குக் கீழே போனால் ஆபத்தில் கும்பிட்டாலும் சாமி கேட்காது. பூரணையில் அந்தப் பயம் குறைவு. கெட்டது கடிகாரத்தின் மற்றப் பாதியிலிருந்து வருகிறது. செத்த பற்றரி திகதியை மட்டும் மாற்றவில்லை, மணியையும் நள்ளிரவுக்குக் கொண்டுபோய்விட்டது. நெட்ஹேக்கில் நள்ளிரவு 12 முதல் 1 மணிவரை பேய்பிசாசு வகைகளின் அடி இரட்டித்து விழும். காலை ஆறு வரை இரவு. நரியாகவோ ஓநாயாகவோ உருமாறும் மனிதர்கள் உண்டு. சாதாரணப் பகலில் ஒவ்வொரு அடிக்கும் அவர்கள் மாறும் வாய்ப்பு 50இல் ஒன்று. பூரணை இரவில் மூன்றில் ஒன்று. பின்னேரம் நான்கு மணிக்கு வெயிலில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு, பிளக்கைச் செருகிய முதல் ஒரு மணி நேரம் முழுக்க நடுநிசிப் பூரணை. காரணம் தெரியாதவர்களுக்கு அந்த ஓநாய்க்காரர்கள் ஏன் இவ்வளவு மூர்க்கமாக வருகிறார்கள் என்பது புரியவே புரியாது.

எனக்கு இதில் மிகப் பெரிய ஆச்சரியம் இன்னொன்று. கணினிக்கு உண்மையில் சீட்டுக் குலுக்கத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதைப் பெருக்கியும் கூட்டியும் வெட்டியும் அடுத்தடுத்து எண்களை உதிர்க்கும். பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரியும். ஆனால் அதே தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை அச்சுப் பிசகாமல் வரும். நெட்ஹேக் 3.4.3 அந்தத் தொடக்க எண்ணைக் கடிகாரத்தின் நொடியிலிருந்து எடுக்கிறது. சரியான கடிகாரத்தில் ஒரு நாளைக்கு 86,400 நொடி. கடந்துபோன நொடி திரும்புவதில்லை, ஆகவே ஒவ்வொரு பாதாளமும் புதிது. நினைவு தப்பிய கடிகாரத்தில் கடந்துபோன நொடி திரும்பும். பிளக்கைச் செருகி மூன்று நிமிடத்துக்குள் விளையாட்டைத் திறப்பவருக்கு மொத்தமே 180 தொடக்க எண்கள்தான். எஃப்-1ஐ எத்தனையாவது நொடியில் விரல் அழுத்துகிறது என்பதே எந்த உலகம் பிறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நேற்றைய நொடியிலேயே இன்றும் தொடங்கி, அதே வீரனைத் தேர்ந்தால், முதல் தளத்தின் அறைகள் நேற்றைய இடத்திலேயே இருக்கும். கிளைச் சுரங்கம் எந்தத் தளத்தில் பிரிகிறது என்பது மாறாது. நெட்ஹேக்கில் மருந்துக் குப்பிகளின் நிறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் கலைத்துப்போடப்படும்; நேற்று குணமாக்கிய நிறம் இன்று கண்ணைக் குருடாக்கலாம். அந்தக் கலைப்பும் தொடக்கத்திலேயே நடப்பதால், நேற்றைய நொடியில் நேற்றைய நிறங்களே. கீழ்த்தளங்கள் மட்டும் மாறும். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும், நாயின் ஒவ்வொரு துள்ளலும் அந்த எண் வரிசையிலிருந்து சிலவற்றை எடுத்துச் செலவழிக்கிறது. கீழே இறங்கும் வேளையில் வரிசை எங்கே நிற்கிறதோ அதிலிருந்துதான் அந்தத் தளம் கட்டப்படும். முதல் அறையில் ஓர் அடி இடப்பக்கம் கூடுதலாக வைத்திருந்தாலும் இரண்டாம் தளம் வேறு உலகம்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவருக்குப் பற்றரி சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டொஸில் திகதியையும் நேரத்தையும் மாற்றத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. திகதியை 1-1-1980 என்று கொடுத்துத் திறந்தால் பூரணைச் செய்தி வரும். 5-1-1980 என்று கொடுத்தால் வராது. நாளை முதலில் எழுதுவதா மாதத்தை முதலில் எழுதுவதா என்பதைக் கட்டளையே திரையில் காட்டும், அதைப் பார்த்து எழுதுங்கள். பற்றரி ஏற்கெனவே செத்திருந்தால் சீஆர் 2032 என்று கேட்டு வாங்குங்கள். பதுளையில் கைக்கடிகாரம் திருத்தும் கடைகளில் கிடைக்கும். பிளக்கைக் கழற்றி, பழையதைப் பிடித்திருக்கும் சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் அது எழும்பும். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். பிறகு இயக்கி, பயோஸ் திரையில் இன்றைய திகதியை நாள், மாதம், ஆண்டு சரிபார்த்து ஒருமுறை பதிந்துவிடுங்கள்.